மெக்சிக்கோக்காரியின் முதுகு

தொண்டையைப் பாதுகாப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். தேன் குடிக்கலாமா, ஐஸ்கிரீம் தொடலாமா என்றும் கேட்காதீர்கள். நான் பதினேழு வருடம் மைக்குக்கு முன்னால் நின்றவள். வெறும் தேத்தண்ணியைத் தவிர வேறொன்றும் குடித்ததில்லை. உங்கள் பயிற்சிப் பட்டறைக்கு வரச் சொல்லி அழைத்தவர்கள், "அக்கா, உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ, பிள்ளைகளுக்கு உதவும்" என்றார்கள். உதவுமோ உதவாதோ, எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். வேறு யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வெட்கப்படுவார்கள்.

இந்த வேலையில் உங்களுக்குப் பொறாமை வரும். பக்கத்து மைக்கில் நிற்பவர் மேல் வருவதைச் சொல்லவில்லை, அது எல்லா வேலையிலும் வரும். திரையில் நிற்கிறாளே ஒருத்தி, யாருடைய வாய்க்கு நீங்கள் சொல் கொடுக்கிறீர்களோ, அவள் மேல் வரும். அப்படி ஒருத்தி மேல் நான் மூன்று வருடம் வயிறெரிந்தேன். அந்த எரிச்சலில் ஒரு பிழையும் விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. ஐரோப்பாவில் இருக்கும் தமிழருக்கென்று ஒரு சிறிய செய்மதித் தொலைக்காட்சி ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் நடந்தது. கார் டயர் மாற்றும் கடை ஒன்றின் மேல்மாடியில் மூன்று அறைகள். அவற்றில் ஒன்றின் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தார்கள். கீழே இயந்திரம் அலறினால் மேலே நாங்கள் பாதி அழுகையில் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுவோம். நான் கிழமை நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். சனியும் ஞாயிறும் இங்கே அழுதேன்.

மெக்சிக்கோவிலிருந்து வாங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். ஒலிப்பதிவு, நெறியாள்கை இரண்டையும் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்த நாட்டிலேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து படித்தவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். தொடரின் டொச், அதாவது ஜெர்மன் மொழி வசனத்தை வைத்து இரண்டு பேருமாகத் தமிழில் எழுதுவோம். யாழ்ப்பாணத் தமிழில்தான். கதாநாயகி இனெஸ் "ஓம்" என்றுதான் சம்மதிப்பாள், "ஏலாது" என்றுதான் மறுப்பாள்.

இனெஸாக நடித்தவளின் சொந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் ஒலிப்பதிவு அறையில் அவளுக்குப் பெயர் மெக்சிக்கோக்காரி. அந்தப் பெயரை வைத்தவள் நான். நல்லெண்ணத்தோடு வைக்கவில்லை.

எங்களுக்கு வரும் கசெட்டில் இரண்டு ஒலிகள் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் இசை, கதவுச் சத்தம், கார் சத்தம் மட்டும். மற்றதில் அவளுடைய சொந்தக் குரல். அதை என் இடது காதுக்குள் போட்டுவிடுவார் தம்பி. அவள் ஸ்பானிஷில் பேசத் தொடங்கும்போது நான் தமிழில் தொடங்க வேண்டும், அவள் முடிக்கும்போது நான் முடிக்க வேண்டும். அவள் இருமினால் நான் இரும வேண்டும். யாரோ ஒரு மீசைக்காரனை அவள் கட்டிப்பிடித்தால் நான் என் முழங்கையில் வாயை வைத்து முத்தச் சத்தம் போட வேண்டும். சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் அந்த நாள் வரும்.

அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது கிடையாது. நூலகத்தில் ஸ்பானிஷ் அகராதியை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி வந்ததையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிடித்த நடிகையைப் பற்றி ரசிகை வாசிப்பதுபோல இல்லை, வழக்குப் போடப்போகிறவள் வாசிப்பதுபோல வாசித்தேன். அவளும் நானும் ஒரே வருடம், ஒரே மாதம் பிறந்தவர்கள். அவள் ஒன்பது நாள் இளையவள். வடக்கே ஏதோ ஒரு புழுதிப் பட்டணம். தகப்பன் பஸ் திருத்துகிறவர். பதினெட்டு வயதில் தலைநகருக்குப் போய்த் தொடர்களில் வேலைக்காரி வேடம் கட்டினாள். ஏழு வருடம் தட்டேந்திக்கொண்டு கதாநாயகிகளுக்குப் பின்னால் நின்றாள். இடையில் தொலைக்காட்சியில் காலநிலை அறிக்கை வாசித்தாள். பிறகு மாமியாரைப் படியிலிருந்து தள்ளிவிடும் வில்லி வேடம் ஒன்று கிடைத்தது. சந்தையில் பெண்கள் அவளை மறித்துத் திட்டினார்களாம். அதோடு உச்சத்துக்குப் போய்விட்டாள். கதாநாயகி ஆனாள், இரண்டு சினிமாப் படம், ஒரு விருது, ஒரு பாடகனோடு கல்யாணம், அதே பாடகனிடமிருந்து விவாகரத்து.

அவள் முதன்முதலில் கதாநாயகி ஆன வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அகதி முகாமில், மூன்று குடும்பத்துக்குச் சமைக்க ஒரு குசினி என்ற இடத்தில் இருந்துகொண்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். நானும் நடித்தவள்தான். யாழ்ப்பாணத்து மேடைகளில் இரண்டு வருடம். எனக்காகக் கைதட்டிய சனம் இருந்தது. சண்டை வந்தது, மேடை போய்விட்டது, அவ்வளவுதான். அவளுக்கு ஏழு வருடத் தட்டுக்குப் பிறகு கதவு திறந்தது. எனக்கு இருபது வருடத்துக்குப் பிறகு திறந்த கதவு அவளுடைய வாய். வேறு எந்த வழியாலும் நான் உள்ளே வர முடியாது. அதை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும்.

தொடர் சனத்துக்குப் பிடித்துவிட்டது. ஒரு நாள் ஸ்டுட்கார்ட்டில் தமிழ்க் கடையொன்றில், "முருங்கைக்காய் எப்ப வரும்?" என்று கேட்டேன். முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள்.

"கடவுளே, இனெஸின்ரை குரல்! நீங்களே கதைக்கிறது?"

"ஓம், நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். குனிந்து என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். "அப்பிடியே..." என்றாள், அப்படியா என்று கேட்பதுபோல. அந்த "அப்பிடியே"யில் இருந்த ஏமாற்றத்தை நான் வீடுவரைக்கும் காவிக்கொண்டு போனேன். மெக்சிக்கோக்காரியின் கூந்தலும் கழுத்தும் அந்தக் குரலோடு கூடவே வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள்.

வீட்டில் இன்னும் மோசம். என் மனுசன் தொடரை ஒரு நாளும் தவறவிட மாட்டார். ஒரு நாள் பின்னேரம் குசினியிலிருந்து, "சோறு போடட்டோ?" என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறும். இனெஸ் அழுறாள்."

"அழுறது நானப்பா!" என்று கத்தினேன்.

"உஷ்" என்றார்.

சரி, பிழைக்கு வருகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடிப்பவரின் வாய் தெரிந்தால் நாங்கள் அந்த வாய்க்குக் கட்டுப்பட்டவர்கள். வாய் தெரியாவிட்டால் சுதந்திரம். நடிப்பவர் முதுகைக் காட்டி நின்றால் எந்தச் சொல்லையும் உள்ளே வைக்கலாம், யாருக்கும் தெரியாது. கதையில் ஒரு விளக்கம் குறைகிறதா, முதுகில் வை. முந்திய காட்சியில் அடங்காத வசனமா, முதுகில் வை. நாங்கள் அதற்கு முதுகு வசனம் என்று பெயரே வைத்திருந்தோம். எல்லோரும் செய்வதுதான், நீங்களும் செய்வீர்கள்.

தொடரில் ஒரு காட்சி. இனெஸைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடிப்போன புருசன் ரமோன் பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். "ஒரே ஒரு சொல் சொல்லு இனெஸ், மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு" என்று கெஞ்சுகிறான். இனெஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். முதுகு. ஒரு நிமிடம் முழுக்க முதுகு மட்டும். பேச்சில்லை, இசையில்லை. ரமோன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

என் இடது காதில் அந்த ஒரு நிமிடமும் அவளுடைய மூச்சு மட்டும்தான் கேட்டது. நான் மைக்குக்கு முன்னால் மரம்போல நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பேசினாலும் இவளுக்குத்தான் பெயர், பேசாமல் நின்றாலும் இவளுக்குத்தான் பெயர். ஒரு நிமிடம் சும்மா நிற்பதற்கு இவளுக்கு விருது கொடுப்பார்கள். எனக்கு அந்த நிமிடத்தில் இருக்கவே இடமில்லை.

"தம்பி, இதிலை ஒரு வசனம் வைப்பம்" என்றேன்.

"ஏனக்கா? டொச்சிலையும் ஒண்டும் இல்லையே."

"சனம் டிவி பழுதாப் போச்செண்டு நினைக்கப் போகுது. ஒரே ஒரு வசனம்."

கசெட்டுகள் எங்களுக்கு இருபது இருபது பகுதிகளாகத்தான் வரும். மிச்சக் கதை எப்படிப் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தம்பி மணிக்கூட்டைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் இரண்டு பகுதி முடிக்க இருந்தது. "சரி, கெதியாச் சொல்லுங்கோ" என்றார்.

நான் சொன்னேன். "போங்கோ... உங்களை நான் எப்பவோ மன்னிச்சிட்டன்." கடைசிச் சொல்லில் குரலைச் சற்று உடைத்தேன். நன்றாகத்தான் உடைத்தேன், அதில் பொய் சொல்ல மாட்டேன்.

அது ஒளிபரப்பான அன்று நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. பாரிசிலிருந்து, சூரிச்சிலிருந்து, ஒஸ்லோவிலிருந்து எல்லாம் பெண்கள் எடுத்து அழுதார்கள். அடுத்த நாள் அறிவிப்பாளர் முதல் தடவையாகத் திரையில் என் பெயரைச் சொன்னார். நிலைய முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, மெக்சிக்கோக்காரியின்ரை அடுத்த தொடரையும் வாங்குறன். அதுக்கும் நீர்தான் குரல்" என்றார். நூற்றைம்பது பகுதி. நான் வீட்டுக்குப் போகும் ட்ராமில் ஒரு பைத்தியம்போலத் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அவளுடைய மிகப் பெரிய காட்சியில் சனம் அழுதது என் சொல்லுக்கு. அவளுடையது வெறும் முதுகு.

பிறகு கடைசிக் கசெட்டுகள் வந்தன.

ஒரு சனிக்கிழமை காலை நானும் தம்பியும் போட்டுப் பார்த்தோம். கடைசிப் பகுதி. ரமோன் சாகக் கிடக்கிறான். "அன்றைக்கு யன்னலடியில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஊரைவிட்டே போயிருக்க மாட்டேன்" என்கிறான். இனெஸ் அவன் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொல்கிறாள்: "அன்றைக்கு அது என்னிடம் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. எடுத்துக்கொள்." நூற்றிருபது பகுதியும் ஓடி வந்தது இந்த இடத்துக்குத்தான். அவள் மன்னிக்காததுதான் முழுக் கதையும். நானோ மன்னிப்பை நாற்பது பகுதிக்கு முதலே கொடுத்து முடித்துவிட்டேன்.

தம்பி ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். "அக்கா, என்ன செய்து வைச்சிருக்கிறம்!"

"செய்து வைச்சிருக்கிறம்" என்று தன்னையும் சேர்த்துச் சொன்னதற்காக அந்த ஆளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "அக்கா, கடைசிக் காட்சியிலை அவவின்ரை வாய் தெரியேல்லை, கைக்குள்ளை இருக்கு. 'நான் அண்டைக்கே சொன்னனான், உங்களுக்குத்தான் கேக்கேல்லை' எண்டு வைப்பம். ரமோனின்ரை வசனத்தையும் கொஞ்சம் திருப்பலாம். முடிஞ்சுது அலுவல்."

நல்ல யோசனை. எனக்கு அது எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். என் சொல் நிலைக்கும், அவளுடைய சொல் போகும். தமிழருக்கு இனெஸ் என்றால் நான் எழுதின இனெஸ். அடுத்த சனிக்கிழமை பதிவு செய்வதாகத் தீர்மானித்தோம்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு சிறிய திரையரங்கில் தென்னமெரிக்க, மெக்சிக்கோப் படங்களின் வாரம் ஒன்று நடந்தது. அதில் அவளுடைய புதுப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அவளும் வருகிறாள். நான் ஒரு மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். நல்ல சேலை, தலைக்குச் சாயம், எல்லா ஆயத்தமும். தமிழ்க் கடையில் அந்தப் பெண் பார்த்த சப்பாத்தை மட்டும் போடவில்லை.

அரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவள் மேடைக்கு வந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப்போவதில்லை. ஆள் கட்டை. மூக்குக்கண்ணாடி. சளித் தடிமன் பிடித்து, மூக்குத் துடைக்கக் கையில் ஒரு கசங்கிய கடதாசி. கழுத்தில் மடிப்பு, என் கழுத்தில் இருப்பதுபோலவே. படத்தில் அவளுக்கு ஒரு தாய் வேடம், பத்து நிமிடம்கூட இல்லை. "அப்பாடா" என்றேன், வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

படம் முடிந்ததும் கையெழுத்துக்கு ஒரு சின்ன வரிசை. நான் கடைசி ஆளாக நின்றேன். என் முறை வந்ததும், மொழிபெயர்க்க வந்திருந்த பெண்ணிடம் டொச்சில் சொன்னேன்: "நான்தான் இவருடைய தமிழ்க் குரல் என்று சொல்லுங்கள்."

மெக்சிக்கோக்காரி எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் என் கன்னங்களைப் பிடித்தாள். "பேசுங்கள், நான் தமிழில் எப்படி இருக்கிறேன் என்று கேட்க வேண்டும்" என்றாள். தடிமன் குரல்தான், ஆனால் என் இடது காது அதை அடையாளம் கண்டுகொண்டது.

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. எனக்குப் பெயர் வாங்கித் தந்த வசனம் ஒன்றுதான். அதை அப்படியே, குரலை உடைத்துச் சொன்னேன். அவள் கைதட்டிச் சிரித்தாள். "அழகு! என்ன சொல்கிறேன்?"

நான் டொச்சில் சொல்ல, அந்தப் பெண் ஸ்பானிஷில் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"எந்தக் காட்சியில்?"

"யன்னல் காட்சியில்."

அவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். மூக்கைத் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அந்தப் பெண் துண்டு துண்டாக எனக்கு மொழிபெயர்த்தாள். "அந்த வசனம் தாளில் இருந்தது. நீங்கள் சொன்ன அதே வசனம். எடுக்கச் சொல்லி அரை நாள் சண்டை பிடித்தேன். என்னை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்தார்கள். கடைசியில் நான் பேசாமல் நின்றதற்கு ஏற்றபடி முடிவையே மாற்றி எழுதினார்கள். நான் ஏழு வருடம் வேலைக்காரியாகப் பின்னால் நின்றவள். முன்னால் பேசுகிற கதாநாயகிகளைப் பார்த்துப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன். எனக்கு வசனம் கிடையாது, முகமும் தெரியாது, முதுகு மட்டும்தான். ஆகவே முதுகால் நடிக்கப் பழகினேன். இருபத்தைந்து வருடத்தில் மற்றதெல்லாம் மற்றவர்கள் எழுதித் தந்தது. அந்த ஒரு நிமிடம் மட்டும் நான் செய்தது."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லாத கண்.

"உங்களுக்கு என் மேல் பொறாமையா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். தமிழில்தான் வந்தது. அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. தலையை ஆட்டினாள், கோபமாக இல்லை. என் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு சீவச் சீவ அவளைத் திட்டினேன். என்னிடம் இருந்த ஒரேயொரு வசனத்தையும் பிடுங்கிக்கொண்டாள் என்று திட்டினேன். அவளிடம் ஒரு நிமிடமாவது இருந்தது, என்னிடம் அதுவும் இல்லையே என்று இன்னும் கூடுதலாக எரிந்தேன். ஆனால் சனிக்கிழமை வந்தபோது அந்தப் பொய் வசனம் எனக்கு வாயில் ஏறவில்லை. இரண்டு தரம் முயன்றேன். இடது காதில் அவள், தன் வசனத்தைத் தன் குரலில், சரியான இடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, ஏலாது" என்றேன். "அவ சொன்னதைத்தான் சொல்லுவன். யன்னல் காட்சியையும் திரும்பப் போட வேணும், வசனம் இல்லாமல். பிழை என்ரை எண்டு நானே சொல்லுறன்."

தம்பி முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தார். முதலாளி படியேறி வந்தார், முகம் சிவந்திருந்தது.

"தங்கச்சி, உமக்கென்ன விசரே? சனம் எங்களைப் பாத்துச் சிரிக்கும். பிழை விட்டனாங்கள் எண்டு நாங்களே ஊருக்குச் சொல்லுறதோ?"

"நீங்கள் சொல்ல வேண்டாம் அண்ணை. நான் சொல்லுறன்."

"சொன்னால் அடுத்த தொடர் உமக்கில்லை. சுகன்யாவுக்குக் குடுப்பன். எப்பிடியும் இந்தியத் தமிழுக்கு மாத்தத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

சுகன்யா யார் என்று சொல்லவில்லையே. கோயம்புத்தூர்ப் பிள்ளை. புருசனுக்கு வால்டோர்ஃபில் சாப்ட்வேர் வேலை. தொடரில் இனெஸின் தங்கைக்குக் குரல் கொடுத்தாள். முப்பது வயது, மணிக்குரல். அவள் மேலும் எனக்குப் புகைச்சல்தான், இரகசியம் இல்லை. அன்றைக்கு அவள் அறை மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி மூன்று பகுதிக்கு நான் இன்னும் குரல் கொடுக்கவில்லை. நான் மறுத்தால் தொடரை முடிக்க முடியாது என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நூற்றைம்பது பகுதியை நினைத்தேன். அந்த வருடத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆசை அது. "அப்ப அவளுக்கே குடுங்கோ" என்றேன். சொன்ன கையோடு, ஏன் சொன்னேன் என்று நெஞ்சுக்குள் கத்தினேன்.

கடைசிப் பகுதிக்கு முன்னால் யன்னல் காட்சி மறுபடி போனது. அதற்கு முதல் என் குரல்: "இந்த இடத்தில் இனெஸ் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தரம் நீங்கள் கேட்டது குரல் கொடுத்த நான் சேர்த்தது. பிழை என்னுடையது." பிறகு ஒரு நிமிடம் அவளுடைய முதுகு. அதற்கு நான் கொடுத்தது மூச்சு மட்டும்.

பலர் தொலைபேசியில் திட்டினார்கள், அதைத் தாங்கலாம். பாரிசிலிருந்து ஒரு பெண் எடுத்தார். முதல் தரம் அந்த வசனத்தைக் கேட்ட அன்றே, பதினொரு வருடம் கதைக்காமல் இருந்த தன் தமக்கைக்குத் தொலைபேசி எடுத்து மன்னித்தாராம். "இப்ப அது பிழையெண்டு சொல்லுறீங்கள். நான் என்ன செய்யிறது? திருப்பி எடுக்கிறதோ?" என்று கேட்டார், பகிடியாக அல்ல.

இப்படி ஒரு கேள்விக்கு எந்தப் பயிற்சியும் உங்களைத் தயார்ப்படுத்தாது. "வேண்டாம் அக்கா" என்றேன். "அது இனெஸின்ரை இல்லை, என்ரையும் இல்லை. இனி உங்கடை. வைச்சிருங்கோ."

முதலாளி சொன்னதைச் செய்தார். புதுத் தொடர் சுகன்யாவுக்குப் போனது. எனக்கு மாமியார் வேடம்கூடத் தரவில்லை. வேறு இடத்தில் வேலை தேடி எடுக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், என்னிடம் அனுப்புங்கள்.

தொடர் தொடங்கிச் சில கிழமையில் சுகன்யா தொலைபேசி எடுத்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். அவங்க திரும்பி நிக்கற சீன் ஒண்ணு வருது. ரொம்ப லாங் கேப். டயலாக் எதாவது வைக்கலாம்னு சார் சொல்றார். நான் என்னக்கா பண்றது?"

கேட்டீர்களா, என்னிடம் கேட்கிறாள்! "வையும் பிள்ளை, நல்ல நீளமா ஒண்டு வையும்" என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது. சொல்லியிருந்தால் அவள் கெட்டுப்போவாள், நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேனோ தெரியாது. "அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கிறன்" என்றேன். "ஒண்டும் வைக்காதையும். இடது காதிலை அவவின்ரை மூச்சு கேக்கும். அதுக்குப் பின்னாலை போம், போதும்."

அந்தப் பகுதி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனது. மனுசன் வழக்கம்போல டிவிக்கு முன்னால். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். மெக்சிக்கோக்காரி திரும்பினாள். முதுகு. சுகன்யா ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூச்சு மட்டும், அதுவும் எவ்வளவு அளவாக! என்னைவிட நன்றாகச் செய்தாள். அந்த முதுகும் எனக்கில்லை, அந்த மூச்சும் எனக்கில்லை. அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். இந்தத் தரம் யாருக்கும் குரல் கொடுக்காத அழுகை.

வெளியே டிவியின் சத்தம் குறைந்தது. இனெஸ் அழும்போது என்னை "உஷ்" என்றவர் எழும்பிக் குசினி வாசலுக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"இஞ்சேரும்" என்றார், "இனெஸின்ரை அந்த அழுகை... அது நீரல்லோ?"